பிஆர்ஜி1 தடுப்பான் செல்லை முதிர வைக்குமா, முதிரவிடாமல் நிறுத்துமா?

கேள்வி இது: குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த பொதியை, மாற்றியமைக்கும் பிஆர்ஜி1 போன்ற புரதங்களைத் தடுக்கிற சிறு மூலக்கூறுகளைக் கொடுத்தால், செல் வேறுபாடு அடையுமா (தசை, வெள்ளணு என்று ஒரு குறிப்பிட்ட வகையாக முதிருமா), இல்லை வேறுபாடு அடைவதே நின்றுபோகுமா? ஒரு கட்டுரையில், பிஆர்ஜி1 புரதத்தைத் தடுத்ததும் லுகேமியா (ரத்தப்புற்று) செல்கள் முதிர்ந்த வெள்ளணுக்களைப் போல மாறின என்று இருக்கிறது. இன்னொன்றில், அதே பிஆர்ஜி1-ஐ முடக்கியதும் தசைச் செல் உருவாவது நின்றுவிட்டது என்று இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். முரண்பாடு வெளித்தோற்றத்தில் மட்டும்தான். இந்த மருந்துகள் எதுவும் செல்லிடம் 'நீ தசையாகு' என்றோ 'நீ வெள்ளணுவாகு' என்றோ சொல்வதில்லை. அந்த நேரத்தில் எந்த மரபணுக்கள் திறந்திருக்க வேண்டும் என்று செல் பாடுபட்டுக்கொண்டிருக்கிறதோ, அந்த உழைப்பில் ஒரு பகுதியை நிறுத்துகின்றன, அவ்வளவுதான். பழைய அடையாளத்தைப் பிடித்துவைத்திருக்க பிஆர்ஜி1 உழைத்துக்கொண்டிருந்தால், அதைத் தடுத்ததும் பிடி விட்டுப்போய் செல் முன்னே நகரும். புதிய அடையாளத்துக்குப் போவதற்காக அது உழைத்துக்கொண்டிருந்தால், தடுத்ததும் செல் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இத்துறையின் பெரும்பாலான குழப்பங்கள் தெளிந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட விட்டமில்லாத உட்கருவுக்குள் அடங்கவேண்டும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒரு திரளைச் சுற்றி 147 கார இணைகள் நீளமுள்ள டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். 1997-ல் கரோலின் லூகரும் டிமதி ரிச்மண்டும் சக ஆய்வாளர்களும் இதன் படிக அமைப்பை அணு அணுவாகக் காட்டினார்கள். ஹிஸ்டோனைச் சுற்றியிருக்கும் டிஎன்ஏவைப் மரபணுக்களை இயக்கும் புரதங்களான படியெடுப்புக் காரணிகளில் பெரும்பாலானவற்றால் எளிதில் பிடிக்க முடியாது. எனவே ஒரு மரபணு வேலை செய்யவேண்டுமென்றால் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கும் நியூக்ளியோசோம்களை யாராவது நகர்த்தவோ அகற்றவோ வேண்டும்.

அந்த வேலையைச் செய்பவைதான் குரோமாட்டின் மறுசீரமைப்புப் புரதங்கள். செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைத்து, அதில் வரும் ஆற்றலைக் கொண்டு டிஎன்ஏவை ஹிஸ்டோன்மேல் தள்ளுகிற மோட்டார்கள் இவை. நான்கு பெரிய குடும்பங்கள் உண்டு: ஸ்விச்-ஸ்னிஃப், ஐஸ்வி, சிஎச்டி, ஐனோ80. மருந்து வேதியியலில் அதிகம் பேசப்படுவது முதல் குடும்பம். ஈஸ்ட்டில் இனச்சேர்க்கை வகையை மாற்ற முடியாத, சுக்ரோஸை நொதிக்க முடியாத விகாரங்களைத் தேடும்போது கிடைத்த மரபணுக்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பாலூட்டிகளில் அதன் வடிவத்துக்கு பாஃப் கூட்டுப்புரதம் என்று பெயர். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட துணைப் புரதங்கள் கூடி வேலை செய்கிற பெரிய கூட்டம் அது. அதன் மோட்டார் இரண்டில் ஒன்றாக இருக்கும்: பிஆர்ஜி1, அல்லது அதன் உடன்பிறப்பான பிஆர்எம். மரபணுப் பெயர்ப்படி முன்னது ஸ்மார்க்ஏ4, பின்னது ஸ்மார்க்ஏ2. ஒரே கூட்டத்தில் இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை. அமைப்பில் மிகவும் ஒத்தவை என்றாலும் உடலில் இரண்டின் முக்கியத்துவமும் ஒன்றல்ல. பிஆர்ஜி1 இல்லாத எலிக்கரு கருப்பையில் ஒட்டிக்கொள்ளும் கட்டத்திலேயே இறந்துவிடுகிறது. பிஆர்எம் இல்லாத எலி பிறந்து வளர்கிறது.

இந்த மோட்டார்கள் ஒருமுறை கதவைத் திறந்துவிட்டுப் போய்விடும், அதன்பின் கதவு தானாகவே திறந்திருக்கும் என்றுதான் பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள். அது தவறு என்று காட்டியவையே இந்தச் சிறு மூலக்கூறுகள். 2021-ல் டிர்க் ஷூபலர் குழுவும் ஸ்டெஃபான் குபிசெக் குழுவும் தனித்தனியாக வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். பாஃப் கூட்டத்தின் செயலைத் திடீரென்று நிறுத்தியதும் அதுவரை திறந்திருந்த குரோமாட்டின் பகுதிகள் மிகக் குறுகிய நேரத்திலேயே மூடத் தொடங்கின. மரபணுவை நீக்கிச் செய்யும் சோதனையில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மரபணுவை நீக்கினாலும் ஏற்கனவே உருவான புரதம் தேய்ந்துபோக நாட்கள் ஆகும். அதற்குள் செல் வேறு வழிகளில் சமாளித்துக்கொண்டுவிடும். மருந்தோ மோட்டாரை அந்தக் கணமே நிறுத்துகிறது. அதாவது திறந்த குரோமாட்டின் என்பது ஓயாத உழைப்பால் தக்கவைக்கப்படும் நிலை. ஒரு செல் தோல் செல்லாக இருப்பதும் லுகேமியா செல்லாக இருப்பதும் ஒவ்வொரு நிமிடமும் ஏடிபி செலவழித்துக் காப்பாற்றப்படும் விஷயங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். இதைப் புரிந்துகொண்டால், ஒரு தடுப்பான் ஏன் செல்லின் அடையாளத்தையே ஆட்டிவிடுகிறது என்பது வியப்பாக இருக்காது.

இப்போது கேள்வியில் வந்த இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம்.

தசை: இளம் செல் ஒன்றைத் தசையாக மாற்றும் முதன்மைக் காரணி மையோடி. அது தசை மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதியில் போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது; அங்கே நியூக்ளியோசோமை நகர்த்த ஆள் வேண்டும். 2001-ல் அந்தோனி இம்பால்சானோ குழு, ஏடிபியை உடைக்க முடியாத பிஆர்ஜி1 வடிவத்தைச் செல்களில் உருவாக்கிப் பார்த்தது. மையோடி இருந்தும் தசை மரபணுக்கள் விழிக்கவில்லை. இங்கே பிஆர்ஜி1 உழைப்பது புதிய அடையாளத்துக்காக. அதை நிறுத்தினால் வேறுபாடு நிற்பது இயல்பு.

லுகேமியா: கடுமையான மைலாய்டு லுகேமியாவில் ரத்த முன்னோடிச் செல்கள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கும். முதிர்வதற்கான வழி முழுவதும் அழிந்துபோவதில்லை, அடைபட்டுக் கிடக்கிறது. 2013-ல் கிறிஸ்டோஃபர் வாகோக் குழு காட்டியபடி, இந்தச் செல்களில் மிக் என்னும் பெருக்க மரபணுவின் தொலைதூரத் தூண்டிப் பகுதியைத் திறந்துவைத்திருப்பது பிஆர்ஜி1தான். பிஆர்ஜி1-ஐ எடுத்துவிட்டால் மிக் இறங்குகிறது, பெருக்கம் தணிகிறது, அடைபட்டிருந்த முதிர்ச்சி நடக்கத் தொடங்குகிறது. இங்கே அந்த மோட்டார் உழைத்துக்கொண்டிருந்தது பழைய நிலையைக் காப்பாற்ற.

ஒரே உறுப்புக்குள்ளேயே இந்த இரட்டை முகத்தைப் பார்க்க வேண்டுமா? இதயத்தைப் பாருங்கள். கருவில் வளரும் இதயத்தில் பிஆர்ஜி1 சுறுசுறுப்பாக இருக்கிறது. இதயத்தசைச் செல்கள் பெருகவும், கருக்கால வகை மையோசின் மரபணு இயங்கவும் உதவுகிறது. வளர்ந்த எலியின் இதயத்தில் அது ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. இதயத்துக்கு அழுத்தச் சுமை கொடுத்தால் மறுபடி விழித்துக்கொண்டு, மையோசினை வயதுவந்த வகையிலிருந்து கருக்கால வகைக்குத் திருப்புகிறது. இதை 2010-ல் வெளியிட்டார்கள். ஆகவே 'இதயத்தில் பிஆர்ஜி1 தடுப்பான் நல்லதா கெட்டதா' என்று கேட்டால், எந்த வயது இதயம், எந்தச் சூழ்நிலை என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

நரம்பு செல்களில் இன்னும் நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. அங்கே செல் மோட்டாரை நிறுத்தாமல் கூட்டத்தின் உறுப்பினர்களையே மாற்றுகிறது. நரம்பு முன்னோடிச் செல் பெருகும் காலத்தில் பாஃப்53ஏ, பாஃப்45ஏ என்னும் துணைப் புரதங்கள் இருக்கும். செல் பெருக்கத்தை நிறுத்தி நியூரானாக மாறும்போது அவை வெளியேறி, பாஃப்53பி, பாஃப்45பி போன்றவை வந்து உட்காரும். ஜெரால்ட் கிராப்ட்ரீயின் ஆய்வகம் 2007-ல் இதை விவரித்தது. பிறகு மிர்-9*, மிர்-124 என்னும் இரு சிறு ஆர்என்ஏக்கள் பாஃப்53ஏவை ஒடுக்குவதன் மூலம் இந்த மாற்றத்தை நடத்துகின்றன என்று தெரிந்தது. அந்த இரண்டையும் மனிதத் தோலின் நார்ச்செல்களில் செலுத்தியபோது அவை நியூரான்களை நோக்கி மாறின என்று 2011-ல் அதே வட்டாரத்திலிருந்து செய்தி வந்தது. மருந்து வேதியியலாளர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மோட்டாரைத் தடுக்கும் மருந்து முன்னோடிச் செல்லின் கூட்டத்தையும் நியூரானின் கூட்டத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டிலும் இருப்பது அதே மோட்டார். வேறுபாட்டை நுட்பமாகத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட துணைப் புரதத்தைக் குறிவைக்கிற மூலக்கூறுகள் வேண்டும். அவை இன்னும் அரிது. இதற்கு நல்ல தொடக்கம் பிஆர்டி9 என்னும் துணைப் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறுகள். பாஃப் கூட்டத்தின் ஒரே ஒரு வகையில்தான் பிஆர்டி9 இருக்கிறது என்பதால், அதைத் தடுத்தால் மற்ற வகைகள் தப்பித்துக்கொள்கின்றன.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம். 'பிஆர்ஜி1 தடுப்பான்' என்று லேபிளில் இருந்தால் மட்டும் போதாது. புரதத்தின் எந்தப் பகுதியைத் தடுக்கிறது என்று பாருங்கள். பிஆர்ஜி1-இல் ஏடிபியை உடைக்கும் பகுதி ஒன்று, புரோமோடொமைன் என்னும் பகுதி வேறொன்று. ஹிஸ்டோனில் அசிட்டைல் குறி இருக்கும் இடத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வது புரோமோடொமைனின் வேலை. புரோமோடொமைனில் மருந்து பொருந்துவதற்கு வசதியான ஆழமான குழி இருப்பதால் முதலில் கிடைத்த தடுப்பான் அதற்குத்தான்: பிஎஃப்ஐ-3. பிஆர்ஜி1, பிஆர்எம், பிபி1 மூன்றின் புரோமோடொமைன்களிலும் அது உட்காரும். பிஆர்ஜி1 இழந்த புற்றுநோய் செல்கள் பிஆர்எம்மை மட்டுமே நம்பி வாழ்கின்றன. ஆகவே பிஎஃப்ஐ-3 கொடுத்தால் அவை செத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சாகவில்லை. மருந்து புரோமோடொமைனில் சரியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் அந்தச் செல்களுக்குத் தேவைப்பட்டது மோட்டார் பகுதி. புரோமோடொமைன் கழன்றாலும் கூட்டத்தின் மற்ற பிடிகள் அதைக் குரோமாட்டினில் நிறுத்திவைத்துவிடுகின்றன.

ஆனால் அதே பிஎஃப்ஐ-3 வேறொரு இடத்தில் தன் வேலையைக் காட்டியது. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல்களுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஸ்டெம் தன்மை தளர்ந்தது, எந்த வழியில் போவது என்ற ஒழுங்கு குலைந்தது. நச்சுக்கொடியை உருவாக்கும் டிரோஃபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக வேறுபாடு அடைந்தன. 2015-ல் வெளியான இந்த முடிவு எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. செல்லைக் கொல்ல முடியாத, அதனால் 'தோற்றுப்போன' புற்றுமருந்து என்று ஒதுக்கப்பட்ட மூலக்கூறு, செல்லின் விதியைத் திருப்ப வல்லதாக இருக்கிறது. கொல்வதற்கு மோட்டாரை நிறுத்தவேண்டும். அடையாளத்தை அசைப்பதற்குச் சில இடங்களில் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலே போதும். வேறுபாட்டை ஆராய்கிறவர்கள் புரோமோடொமைன் தடுப்பான்களை இவ்வளவு சீக்கிரம் கைவிட்டது சரியில்லை என்பது என் கருத்து.

மோட்டார் பகுதிக்கான தடுப்பான்கள் பின்னால் வந்தன. 2018-ல் நோவார்டிஸ் ஆய்வாளர்கள் பிஆர்எம்014 போன்ற மூலக்கூறுகளை வெளியிட்டார்கள். இவை ஏடிபி உட்காரும் இடத்தில் போட்டி போடாமல் பக்கத்தில் வேறொரு இடத்தில் உட்கார்ந்து மோட்டாரை முடக்குகின்றன. பிஆர்ஜி1, பிஆர்எம் இரண்டையும் சேர்த்தே தடுக்கின்றன. அடுத்த ஆண்டே அலெஸ்ஸியோ சியுல்லி குழுவினர் ஏசிபிஐ1 என்ற புரோட்டாக் மூலக்கூறைக் கொண்டுவந்தார்கள். இது புரதத்தைத் தடுப்பதோடு நிற்காமல், செல்லின் சொந்தக் கழிவகற்றும் அமைப்பிடம் அதை ஒப்படைத்து அழிக்கச் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஏசிபிஐ1 பிடித்துக்கொள்வது அதே புரோமோடொமைனைத்தான். அங்கே வெறுமனே உட்கார்ந்தால் புற்றுநோய் செல் சாவதில்லை. அதையே கைப்பிடியாக வைத்து முழுப் புரதத்தையும் இழுத்துப்போட்டால் செல் நொறுங்குகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கட்டுரைகளில் 'குரோமாட்டின் தடுப்பான்கள்' என்று ஒரே கூடையில் போடுபவற்றில் பலவும் மறுசீரமைப்பு மோட்டார்களைத் தொடுவதில்லை. ஹிஸ்டோனில் குறி போடும், குறி அழிக்கும், குறி படிக்கும் புரதங்களைத்தான் தொடுகின்றன. வேறுபாடு பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையிலிருந்துதான் வந்தது என்பதால் அவற்றை ஒதுக்கவும் முடியாது.

அந்தக் கதை 1971-ல் ஷார்லட் ஃப்ரெண்ட் செய்த ஒரு கவனிப்பிலிருந்து தொடங்குகிறது. எலியின் ரத்தப்புற்று செல்களை டைமெத்தில் சல்ஃபாக்சைடு, அதாவது டிஎம்எஸ்ஓ கலந்த ஊடகத்தில் வளர்த்தபோது அவை ஹீமோகுளோபின் உருவாக்கி, சிவப்பணுக்களின் வழியில் முதிரத் தொடங்கின. டிஎம்எஸ்ஓ எந்த ஆய்வகத்திலும் இருக்கும் சாதாரணக் கரைப்பான். பால் மார்க்ஸும் வேதியியலாளர் ரொனால்டு பிரெஸ்லோவும் அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு, இதைவிட வீரியமாக இதே வேலையைச் செய்யும் மூலக்கூறுகளைப் பல ஆண்டுகள் படிப்படியாகக் கட்டினார்கள். அப்படித்தான் சாஹா கிடைத்தது. செல்லை முதிர வைக்கிறது என்று தெரியும், எதைத் தொட்டு முதிர வைக்கிறது என்று தெரியாது. ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் குறியை நீக்கும் எச்டாக் நொதிகளை அது தடுக்கிறது என்பது 1990களின் பிற்பகுதியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வோரினோஸ்டாட் என்ற பெயரில் 2006-ல் தோலில் வரும் டி-செல் லிம்ஃபோமாவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

1970களின் பிற்பகுதியில் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் 5-அசாசைட்டிடின் என்னும் மருந்தை எலிக்கரு நார்ச்செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை எடுத்துவிட்டுச் சில நாட்கள் காத்திருந்தால், ஒரே தட்டில் தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் தோன்றின. அந்த ஒரு தட்டை நன்றாக யோசித்துப் பாருங்கள். மருந்து ஒன்று, செல் வகை ஒன்று, விளைவு மூன்று. மருந்துக்கு 'தசை' என்பது தெரியாது. டிஎன்ஏவில் இருந்த மெத்தில் பூட்டுகளை அது பொதுவாகக் கழற்றியது, எந்தச் செல்லில் எது கழன்றதோ அந்த வழியில் அந்தச் செல் போனது. அப்படித் தசையாக மாறிய செல்களில் எந்த மரபணு விழித்தது என்று தேடிப் போனதில்தான் 1987-ல் மையோடி கிடைத்தது. நாம் மேலே பார்த்த அதே மையோடி.

எதிர்த்திசைக்கும் ஒரு சான்று. வால்ப்ரோயிக் அமிலம் வலிப்புக்கான பழைய மருந்து, எச்டாக் தடுப்பானும்கூட. லுகேமியா செல்களில் அது முதிர்ச்சியை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் 2008-ல் டக்ளஸ் மெல்டன் ஆய்வகத்தில், எலி நார்ச்செல்களைத் தூண்டப்பட்ட ஸ்டெம் செல்களாகத் திருப்பும்போது இதைச் சேர்த்ததில் வெற்றிவீதம் 100 மடங்குக்கு மேல் கூடியது. அதாவது முதிர்ந்த செல்லைப் பின்னோக்கி அழைத்துப்போக அதே மருந்து உதவியது. 2013-ல் டெங் ஹோங்குய் குழு பீக்கிங் பல்கலைக்கழகத்தில் எந்த மரபணுவையும் செலுத்தாமல் சிறு மூலக்கூறுகளை மட்டும் கொண்டு எலி செல்களை ஸ்டெம் செல்களாக்கியபோது, அந்தக் கலவையிலும் வால்ப்ரோயிக் அமிலம் இருந்தது. 2022-ல் மனித செல்களிலும் இதைச் செய்து காட்டினார்கள். முன்னோக்கியா பின்னோக்கியா என்பதை முடிவுசெய்வது செல்லில் அப்போது கிடக்கும் காரணிகளும் சூழலில் உள்ள சைகைகளும்தான். மருந்து செய்வதெல்லாம் நகர்வதற்கு இடம் கொடுப்பது. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் கருவின் நரம்புக்குழாயில் குறைபாடு வரும் அபாயம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். வேறுபாட்டை அசைக்கும் மருந்து வளரும் கருவின் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்பது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல.

குறி படிக்கும் புரதங்களில் பிஆர்டி4-ஐச் சொல்லாமல் போக முடியாது. நட் கார்சினோமா என்னும் அரிய, மிகக் கொடிய புற்றில் பிஆர்டி4 மரபணு நட் என்னும் மரபணுவுடன் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கலப்புப் புரதம்தான் செல்லை முதிரவிடாமல் வைத்திருக்கிறது. 2010-ல் ஜேம்ஸ் பிராட்னரும் சக ஆய்வாளர்களும் ஜேக்யூ1 என்ற தடுப்பானைக் கொடுத்தபோது, அந்தச் செல்கள் தட்டையாகி, கெரட்டின் உருவாக்கும் தோல்வகைச் செல்களாக முதிர்ந்தன. மூலக்கூறின் அமைப்பை மறைக்காமல், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அதை இலவசமாக அனுப்பிவைத்தார் பிராட்னர். இந்தத் துறை வேகமாக வளர்ந்ததில் அந்தப் பெருந்தன்மைக்குப் பெரிய பங்கு உண்டு.

மோட்டாருக்கும் குறிக்கும் உள்ள உறவு மிக நேரடியாகத் தெரிவது ஸ்மார்க்பி1 இழந்த புற்றுகளில். பாஃப் கூட்டத்தின் இந்தத் துணைப் புரதம் போய்விட்டால், அதற்கு எதிராக இழுக்கும் பாலிகோம்ப் கூட்டம் ஓங்கிவிடும். அதன் நொதியான ஈஇசட்எச்2, எச்3 ஹிஸ்டோனின் 27-ஆம் லைசினில் மெத்தில் குறிகளைப் போட்டு, வேறுபாட்டு மரபணுக்களை மூடிவைக்கும். அந்த நொதியைத் தடுத்தால் மூடியவை மெல்லத் திறக்கும். டாசெமெட்டோஸ்டாட் இந்தத் தர்க்கத்தில் பிறந்ததுதான். 2020 ஜனவரியில் எபிதீலியாய்டு சார்கோமா என்னும் அரிய புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான சோதனையில் 62 நோயாளிகளில் 15 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. பெரிய எண் இல்லைதான். ஆனால் மறுசீரமைப்புக் கூட்டத்தின் பழுதை, அதன் எதிரணியைத் தடுத்துச் சரிக்கட்ட முடியும் என்பதற்கு மனித உடலில் கிடைத்த சான்று அது.

நேரக்கணக்கு இங்கே மாறுவதைக் கவனியுங்கள். மோட்டாரை நிறுத்தினால் விளைவு மிகக் குறுகிய நேரத்திலேயே தெரியும் என்றேன். ஈஇசட்எச்2-ஐ நிறுத்தினால் அப்படி இல்லை. ஏற்கனவே போட்ட மெத்தில் குறிகள் பெரும்பாலும் செல் பிரியப் பிரியத்தான் நீர்த்துப்போகும். மரபணுக்கள் விழிக்கப் பல நாட்கள் ஆகும். 48 மணி நேரத்தில் தட்டைப் பார்த்துவிட்டு 'ஈஇசட்எச்2 தடுப்பான் வேலை செய்யவில்லை' என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அது மருந்தின் குற்றமில்லை.

சரி, நோயாளியிடம் வந்தால்? வேறுபாட்டு சிகிச்சையின் மிகப் பெரிய வெற்றி கடுமையான புரோமைலோசைட்டிக் லுகேமியா. 1988-ல் ஷாங்காயிலிருந்து வாங் ஜென்யி குழு, 24 நோயாளிகளுக்கு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலம் கொடுத்ததில் 23 பேருக்கு அது மட்டுமே போதுமானதாக இருந்து நோய் முழுவதுமாகத் தணிந்தது என்று தெரிவித்தது. அங்கேயும் அடைப்பின் மையத்தில் குரோமாட்டின்தான்: நோயை உண்டாக்கும் கலப்புப் புரதம் எச்டாக் கூட்டங்களை இழுத்துவந்து முதிர்ச்சி மரபணுக்களைப் பூட்டுகிறது, ரெட்டினாயிக் அமிலம் அதை விடுவிக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான லுகேமியா செல்கள் ஒரே நேரத்தில் முதிரத் தொடங்கினால் உடல் திணறும். காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலிலும் இதயத்தைச் சுற்றியும் நீர், திடீர் எடை கூடுதல் எல்லாம் வரும். இதற்கு வேறுபாட்டு நோய்க்குறி என்று பெயர். சந்தேகம் வந்த உடனேயே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள்.

மோட்டார் தடுப்பான்களுக்கும் இதே சோதனை வந்தது. பிஆர்ஜி1, பிஆர்எம் இரண்டையும் தடுக்கும் எஃப்எச்டி-286 என்ற மருந்து லுகேமியா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, உயிரிழப்பில் முடிந்த வேறுபாட்டு நோய்க்குறி என்ற சந்தேகத்தின்பேரில் 2022-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதனையை நிறுத்திவைத்தது. 2023-ல் தடை நீங்கியது. அந்தச் செய்தியை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். மருந்து மனித உடலில் உண்மையாகவே லுகேமியா செல்களை முதிர்ச்சியை நோக்கித் தள்ளக்கூடும் என்பதற்கான அறிகுறி அது. அதே அறிகுறிதான் ஆளைக் கொல்லக்கூடியதும். வீரியத்தைக் கூட்டுவதைவிட, அளவையும் நாட்களையும் இடைவெளியையும் சரியாக அமைப்பதுதான் இந்த வகை மருந்துகளில் கடினமான வேலை. இரண்டு மோட்டார்களையும் சேர்த்துத் தடுத்தால் சாதாரண திசுக்களுக்கும் பாதிப்பு வரும் என்பதால், பிஆர்எம்மை மட்டும் குறிவைக்கும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். நுரையீரல் புற்றில் சிறுசெல் அல்லாத வகையில் ஏறக்குறைய 10 சதவீதத்தில் பிஆர்ஜி1 மரபணு பழுதாகியிருப்பதால், அந்தக் கட்டிகளுக்கு பிஆர்எம் ஒன்றே கதி. ஆனால் அங்கே நோக்கம் கொல்வது. முதிர வைப்பது அல்ல.

கடைசியாக, நீங்கள் இந்தச் சோதனையை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். முதலாவது, கரைப்பான். தடுப்பான்களைக் கரைக்க நாம் பயன்படுத்துவது டிஎம்எஸ்ஓ. ஃப்ரெண்டின் செல்களை முதிர வைத்த அதே பொருள். எச்எல்-60 என்னும் லுகேமியா செல்களை நியூட்ரோஃபில் வெள்ளணுக்களைப் போல மாற்ற ஆய்வகங்களில் இன்றும் 1.25 சதவீத டிஎம்எஸ்ஓ சேர்ப்பது வழக்கம். ஆகவே ஊடகத்தில் அதன் அளவை 0.1 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். மருந்தின் அளவை ஏற்றும்போது டிஎம்எஸ்ஓவும் கூடவே ஏறிவிடாமல், சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவாக வையுங்கள்.

அப்புறம், மேற்பரப்புக் குறி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். சிடி11பி என்னும் மேற்பரப்புப் புரதம் ஏறியிருக்கிறது என்பது முதிர்ச்சியைக் காட்டலாம், செல்லின் அவதியையும் காட்டலாம். முதிர்ந்த வெள்ளணுவின் வேலையைச் செல் செய்கிறதா என்று பாருங்கள். என்பிடி சோதனை பழசுதான், ஆனால் நேர்மையானது. முதிர்ந்த செல் தூண்டப்பட்டதும் ஆக்சிஜன் தனியுறுப்புகளை வெளியிடும். மஞ்சள் நிறச் சாயம் செல்லுக்குள்ளேயே கருநீலத் துகள்களாகப் படியும். நுண்ணோக்கியில் நீலம் படிந்த செல்களை எண்ணலாம். கூடவே மொத்தச் செல்களையும் எண்ணுங்கள். முதிராதவை செத்து, ஏற்கனவே முதிர்ந்திருந்த சில மட்டும் மிஞ்சினாலும் சதவீதம் ஏறும். அது வேறுபாடு இல்லை, வடிகட்டல்.

மருந்தைக் கழுவி எடுத்துவிட்டுப் பார்ப்பதும் அவசியம். கழுவிய சில நாட்களில் செல்கள் பழையபடி பெருகத் தொடங்கினால், அடையாளம் மாறவில்லை, தற்காலிகமாக ஒடுங்கியிருந்தது என்று அர்த்தம். உண்மையாக முதிர்ந்த செல் திரும்பி வராது. எந்த மணிநேரத்துக்குப் பிறகு கழுவினாலும் திரும்புவதில்லை என்று கண்டுபிடித்தால் அதுவே நல்ல ஒரு முடிவு. கழுவும் நேரத்தைப் போலவே சேர்க்கும் நேரமும் முக்கியம். தசை முன்னோடிச் செல்களுக்கு, வேறுபாட்டு ஊடகத்துக்கு மாற்றுவதற்கு முந்தைய நாளில் சேர்ப்பது, மாற்றும்போதே சேர்ப்பது, தசைநார் உருவான பிறகு சேர்ப்பது என்று மூன்று தட்டுகளை வையுங்கள். பிஆர்ஜி1 எந்தக் கட்டத்தில் யாருக்காக உழைக்கிறது என்பதை அவை மூன்றையும் ஒப்பிட்டால் பார்க்கலாம்.

முடிந்தால் வேலை செய்யாத இரட்டை மூலக்கூறையும் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். ஜேக்யூ1-க்கு அதன் கண்ணாடிப் பிம்ப வடிவம் கிடைக்கிறது. வேதியியலில் எல்லாம் அதேதான், புரோமோடொமைனில் மட்டும் உட்காராது. மோட்டார் தடுப்பானுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், அமைப்பில் தொடர்பே இல்லாத இன்னொரு மோட்டார் தடுப்பானோ ஏசிபிஐ1 போன்ற அழிப்பானோ அதே விளைவைத் தருகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பிஆர்ஜி1 என்று எழுதுங்கள்.